டிரே இருக்க மெத்தையில் ஏன்?

பூனை தப்பான இடத்தில் மூத்திரம் போயிருந்தால், துணியை எடுக்கும் முன் அந்த இடத்தை ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். தரையிலா, சுவரிலா? பெரிய குளமா, நாலைந்து சொட்டா? கீழே இருப்பது மெத்தையா, மொசைக்கா, கால்மிதியா? பூனை போவதற்கென்று மண் கொட்டி வைத்திருக்கும் டிரேயை ஒட்டியா, வீட்டின் மறுகோடியிலா? செல்போனில் ஒரு படம் எடுத்து, நேரத்தையும் அளவையும் குறித்து வையுங்கள். ஒரு வாரக் குறிப்பு சேர்ந்தாலே பாதிக் காரணம் பிடிபட்டுவிடும். "பழி வாங்குது", "கொழுப்பு ஏறிப்போச்சு" என்று திட்டுவதால் ஒன்றும் தெரியப்போவதில்லை. டிரேயில் ஏதோ ஒன்று அதற்குப் பிடிக்கவில்லை, அல்லது உடம்பில் எங்கோ வலிக்கிறது, அல்லது பருவம் வந்துவிட்டது. போன இடம் இந்த மூன்றில் எது என்று சொல்லும்.

கீழே வருவதெல்லாம் இரண்டு மாதக் குட்டியிலிருந்து ஒன்றரை வயது வரை, ஃபிளாட்டிலோ மாடி வீட்டிலோ உள்ளேயே வளரும் பூனைக்கு. தெருவில் மண்ணைத் தோண்டிவிட்டு வரும் பூனைக்கு இந்தத் தலைவலி கிடையாது. அதன் தலைவலிகள் வேறு.

முதலில் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியது எப்போது

ஆண் பூனை டிரேக்குள் போய்க் குந்துகிறது, முக்குகிறது, எதுவும் வரவில்லை. வெளியே வந்து பின்பக்கத்தை நக்குகிறது. ஐந்து நிமிடத்தில் மறுபடி டிரே. இதை மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் ஊட்டுபவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் இது மூத்திரக் குழாய் அடைப்பு. கடுவனுக்கு அந்தக் குழாய் நுனியில் மிகக் குறுகலானது. படிகத் துகளும் சளியும் சேர்ந்த ஒரு சின்னத் திரளே அடைத்துவிடும். மூத்திரம் தேங்கத் தேங்க ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், ஒன்றிரண்டு நாளில் இதயம் நின்றுவிடும். வாந்தி, சோர்வு, வயிற்றைத் தொட்டால் கத்துவது எல்லாம் பிந்தி வரும் அறிகுறிகள், அதுவரை காத்திருக்கக் கூடாது. இரவு பதினொரு மணி என்றாலும் அப்போதே கிளம்புங்கள். இரவில் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை உங்கள் பக்கத்தில் எது என்று இன்றே விசாரித்து எண்ணைச் சேமித்து வையுங்கள். வலிக்கு என்று பாராசிட்டமால் ஒரு துண்டுகூடக் கொடுக்க வேண்டாம். பூனைக்கு அது விஷம்.

அடைப்பு இல்லை, ஆனால் சொட்டுச் சொட்டாகப் பல இடங்களில் போகிறது, லேசாக ரத்தம் கலந்திருக்கிறது என்றால் பெரும்பாலும் மூத்திரப் பையில் அழற்சி. இளம் பூனைகளில் பாக்டீரியாத் தொற்று அரிது. கிருமியே இல்லாமல், மன அழுத்தத்தில் வருகிற அழற்சிதான் அதிகம். அதனால் மூத்திரத்தைப் பரிசோதிக்காமல் ஆன்டிபயாடிக் எழுதினால், பரிசோதனை செய்யலாமா என்று கேளுங்கள். வீட்டில் மாதிரி எடுப்பது சிரமமில்லை. டிரேயை நன்றாகக் கழுவிக் காயவைத்து, மீன் தொட்டியில் போடும் சின்னக் கூழாங்கல்லைக் கழுவி ஒரு பிடி பரப்புங்கள். கல் உறிஞ்சாது. பூனை போனதும் டிரேயைச் சாய்த்து, ஊசி இல்லாத சிரிஞ்சால் உறிஞ்சி, ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். தாமதமானால் அதுவரை ஃபிரிட்ஜில்.

பேதி என்றால் பல வீடுகளில் காரணம் பால். பால் சோறு நம் ஊர்ப் பூனைச் சாப்பாடு ஆகிவிட்டது, ஆனால் தாய்ப்பால் மறந்த குட்டிக்கு மாட்டுப்பாலின் லாக்டோஸ் சரியாகச் செரிக்காது. வேறு பல வீடுகளில் குடற்புழு இருக்கும். குட்டிக்கு எட்டு வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும், பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறையும் பூச்சி மருந்து கொடுப்பது வழக்கம். எடைக்கு ஏற்ற அளவை மருத்துவரிடம் கேளுங்கள். வால் அடியில் அரிசி மாதிரி ஒட்டியிருந்தால் அது நாடாப்புழுவின் துண்டு. தெள்ளுப்பூச்சி வழியாக வருவது, ஆகவே தெள்ளுக்கும் சேர்த்து மருந்து போடாமல் புழு போகாது. வயிறு கலங்கிய குட்டி டிரேயில் அவதிப்பட்டால் அந்த அவதியை டிரேயோடு சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ளும். பேதி நின்ற பிறகும் வேறு மூலை தேடுவது அதனால்தான்.

டிரேயும் அதில் கொட்டுவதும்

கடையில் "கிட்டன் சைஸ்" என்று தருகிற அழகான டிரே மூன்று மாதத்தில் போதாது. மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளந்து, அதைப்போல ஒன்றரை மடங்கு நீளம் வேண்டும். வளர்ந்த நாட்டுப் பூனைக்கு ஏறக்குறைய 65 முதல் 70 செ.மீ. அந்த அளவில் லிட்டர் டிரே தேடி அலைய வேண்டாம். பாத்திரக் கடையில் துணி போட்டு வைக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டி கிடைக்கும். மூடியை எடுத்துவிட்டு, ஒரு பக்கச் சுவரில் மட்டும் தரையிலிருந்து 12 செ.மீ விட்டு U வடிவில் வெட்டி, ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்தால் போதும். எட்டு வாரக் குட்டிக்கு நுழையும் பக்கம் 5 செ.மீ உயரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. மூடி போட்ட டிரேயை நான் சிபாரிசு செய்வதில்லை. நம் வெயிலிலும் புழுக்கத்திலும் அமோனியா நெடி உள்ளேயே சுற்றும். நமக்கு நாற்றம் தெரியாது, பூனையின் மூக்கு அதற்குள்ளேதான் இருக்கும்.

எத்தனை டிரே? பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள். ஒரு பூனைக்கு இரண்டு. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பூனைக்கு அது ஒரே டிரேதான், வேறு வேறு அறையில் வையுங்கள். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வேண்டாம். வாஷிங் மெஷினுக்குப் பக்கத்திலும் வேண்டாம். துணி பிழிய டிரம் கிடுகிடுவென ஆடத் தொடங்குகிற நேரத்தில் குட்டி டிரேயில் உட்கார்ந்திருந்தால், அடுத்த ஒரு மாதம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது.

டிரேயில் கொட்டும் மண்ணுக்கு, அதாவது கேட் லிட்டருக்கு வருவோம். (கடையில் "லிட்டர் எவ்வளவு?" என்று கேட்டால் "எத்தனை லிட்டர்?" என்று திருப்பிக் கேட்பார்கள். கேட் லிட்டர் என்று முழுதாகச் சொல்லிவிடுவது நல்லது.) நம் ஊரில் அதிகம் விற்பது பென்டோனைட் களிமண். குஜராத்தின் கட்ச் பகுதியில் நிறையத் தோண்டுகிறார்கள். ஈரம் பட்டால் பல மடங்கு உப்பிக் கட்டியாகும், கட்டியை மட்டும் சல்லடைக் கரண்டியால் எடுத்துவிடலாம். நான்கு மாதத்துக்குக் கீழே உள்ள குட்டிக்கு இது வேண்டாம். குட்டி எதையும் வாயில் போடும், உப்புகிற களிமண் குடலுக்குள் போய் உப்பும். அதுவரை கட்டியாகாத காகிதக் குருணையோ மரக் குருணையோ போதும். நான்கு மாதம் தாண்டியும் மண்ணைத் தின்றுகொண்டே இருந்தால் பல் ஈறைப் பாருங்கள். வெளிறியிருந்தால் ரத்தசோகை, அதிலும் உடம்பில் தெள்ளு மொய்த்திருந்தால் சந்தேகமே வேண்டாம், மருத்துவரிடம் போங்கள்.

எவ்வளவு கொட்டுவது என்பதில்தான் பலர் கஞ்சத்தனம் பண்ணுகிறார்கள். 30க்கு 40 செ.மீ டிரேயில் 5 செ.மீ ஆழம் என்றால் 6 லிட்டர், பென்டோனைட் கணக்கில் 5 முதல் 6 கிலோ. 5 கிலோ பையில் பாதியைக் கொட்டிவிட்டு "கட்டியே பிடிக்கலை" என்றால் எப்படிப் பிடிக்கும்? மூத்திரம் நேராக அடித்தளத்துக்கு இறங்கிச் சகதியாக ஒட்டிக்கொள்கிறது. கரண்டியால் சுரண்டும்போது பாதி உடைந்து மண்ணோடு கலக்கிறது. மூன்றாம் நாள் டிரே முழுக்க நாற்றம். ஆழம் போதுமானதாக இருந்தால் கட்டி நடுவிலேயே நிற்கும், உருண்டையாக வரும். இளங்குட்டிக்கு 3 செ.மீ போதும்.

லாவண்டர், எலுமிச்சை வாசனை போட்ட மண் வாங்காதீர்கள். அதை நமக்காகத் தயாரிக்கிறார்கள். சோயாக் கழிவில் செய்யும் டோஃபு மண் நல்லதுதான், தூசி குறைவு. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் பூஞ்சை பிடிக்கும், வண்டு வரும். சின்னப் பையாக வாங்கி மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். "ஃபிளஷ் பண்ணலாம்" என்று பையில் போட்டிருந்தாலும் குப்பையிலேயே போடுங்கள். ஆற்று மணல் கனமாக இருக்கும், மூத்திரம் கீழே தேங்கும். எம்-சாண்டில் தூசி அதிகம். தேங்காய் நார்த்தூள் ஈரத்தை நன்றாக உறிஞ்சும், ஆனால் வீடு முழுக்கக் காலில் ஒட்டி வரும். செலவைக் குறைக்க வேண்டும் என்பவர்களுக்கு அழுத்திச் செய்த மரக் குருணை கட்டுபடியாகும். ஈரம் பட்டால் தூளாகும், தூளைச் சலித்துக் கொட்டிவிட்டு முழுக் குருணையை வைத்துக்கொள்ளலாம். பசையோ ரசாயனமோ கலக்காததா என்று கேட்டு வாங்குங்கள்.

எந்த மண் பிடிக்கும் என்று யூகிக்க வேண்டாம், பூனையையே கேட்கலாம். ஒரே மாதிரி இரண்டு டிரேயில் இரண்டு வகை மண், ஒரு வாரம். தினமும் எதில் எத்தனை என்று எண்ணினால் முடிந்தது. பழைய மண்ணிலிருந்து மாற்றும்போது கால் பங்கு, அரைப் பங்கு என்று பத்து நாளில் மாற்றுங்கள்.

கட்டியாகும் மண்ணைத் தினம் இருமுறை அள்ளி, மூன்று வாரத்துக்கு ஒருமுறை முழுதும் மாற்றி டிரேயைக் கழுவுங்கள். கட்டியாகாததை மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும். கழுவும் முன் அடியில் ஒட்டியதைக் காய்ந்த நிலையிலேயே சுரண்டிப் பையில் போட்டுவிடுங்கள். பாத்ரூமில் அப்படியே தண்ணீர் ஊற்றினால் களிமண் குழாய்க்குள் உப்பி, அப்புறம் பிளம்பருக்குத்தான் போன் போட வேண்டியிருக்கும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் டிரே வேலை வேறு ஒருவருடையது. பூனை மலத்தில் வரக்கூடிய, கருவைப் பாதிக்கும் ஒட்டுண்ணி டாக்ஸோபிளாஸ்மா. அதன் முட்டைகள் தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும், தினமும் அள்ளுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

டிரேக்குள் பூனை என்ன செய்கிறது

மண் பிடித்த பூனை தோண்டும், குந்தும், திரும்பி முகரும், மூடும். பிடிக்காத பூனையைக் கவனியுங்கள். முன்னங்கால் இரண்டும் டிரே விளிம்பில் நிற்கும், மண்ணில் பாதம் படாமல் போகப் பார்க்கும். முடிந்ததும் மண்ணை விட்டுவிட்டு பிளாஸ்டிக் சுவரையோ பக்கத்துத் தரையையோ பிறாண்டும். பாதத்தை உதறிக்கொண்டு பாய்ந்து ஓடும். மண்ணை மாற்றச் சொல்லி அது எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. நான்கு காலும் உள்ளே இருந்து பின்பக்கம் மட்டும் வெளியே தொங்கினால் டிரே சின்னது. மூத்திரம் டிரேயில், மலம் ஒரு முழம் தள்ளித் தரையில் என்றால் இரண்டுக்கும் தனித்தனி டிரே கேட்கிற பூனையாக இருக்கலாம், இரண்டாவது டிரே வைத்தாலே பலவற்றில் தீர்ந்துவிடும். மலம் கெட்டியாக, உருண்டை உருண்டையாக இருந்தால் மலச்சிக்கலைப் பாருங்கள். பெர்ஷியன் என்றால் வாலுக்கு அடியில் முடியை ஒட்ட வெட்டி விடுங்கள், ஒட்டிக்கொள்வதே அதற்குப் பெரிய வெறுப்பு.

புதுக்குட்டிக்குப் பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டுப் பதினைந்து இருபது நிமிடத்திலும், விளையாடி முடித்ததும் தூக்கி டிரேயில் விடுங்கள். அதன் காலைப் பிடித்துத் தோண்டிக் காட்ட வேண்டாம். மூக்கைத் தேய்ப்பது, அடிப்பது எல்லாம் ஒன்றையே கற்றுக்கொடுக்கும்: நீங்கள் பார்க்கும்போது போகக் கூடாது. அதன் பிறகு பீரோவுக்குப் பின்னால்தான்.

சுவர் என்றால் வேறு கதை

நின்றுகொண்டு, வாலை நிமிர்த்தி, வால் நுனி நடுங்க, சுவரிலோ சோபாவின் பின்புறத்திலோ ஒரு பீய்ச்சு. இது எல்லை குறிப்பது, டிரேயை எத்தனை முறை கழுவினாலும் நிற்காது. ஐந்தாறு மாதத்தில் கடுவன் தொடங்கும், பருவம் வந்த பெட்டையும் செய்யும். ஏற்கெனவே நாறுகிற மூத்திரம் கடுவனிடம் இன்னும் நாறுவதற்குக் காரணம் ஃபெலினைன் என்ற கந்தகம் உள்ள அமினோ அமிலம். கருத்தடை செய்யாத ஆண் அதை அதிகம் வெளியேற்றும். நாலைந்து மாதத்தில், பீய்ச்சத் தொடங்கும் முன்பே அறுவை செய்துவிடுவது புத்திசாலித்தனம். தொடங்கிய பிறகு செய்தாலும் பத்தில் ஒன்பது கடுவன்கள் நிறுத்திவிடும், ஆனால் சில வாரம் பொறுக்க வேண்டும். அறுவை முடிந்த ஒரு வாரம் டிரேயில் தூசி மண் வேண்டாம், காயத்தில் ஒட்டும். காகிதக் குருணையோ கிழித்த செய்தித்தாளோ போடுங்கள். அதை மூன்று நாள் முன்பே பழக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் வலியோடு அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

அறுவைக்குப் பிறகும் ஜன்னலுக்குக் கீழேயே பீய்ச்சினால் வெளியே எந்தப் பூனை வருகிறது என்று பாருங்கள். கண்ணாடியின் கீழ்ப்பாதியில் பார்வை மறைக்கும் ஃபிலிம் ஒட்டினால் குறையும்.

துடைப்பது

பினாயில் வேண்டாம். கருப்பிலிருக்கும் ஃபீனால் வகை ரசாயனத்தையும் வெள்ளையிலிருக்கும் பைன் எண்ணெயையும் பூனையின் கல்லீரல் சரியாகக் கழிக்காது. தண்ணீரில் ஊற்றினால் பால் மாதிரி வெளுக்கும் கிருமிநாசினிக்கும் இதே கதைதான். அந்துருண்டை, கற்பூரம் போட்டு விரட்டலாம் என்று சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள், இரண்டும் நஞ்சு. பிளீச்சிங் பவுடர் மூத்திரத்தின் அமோனியாவோடு சேர்ந்தால் கண்ணும் தொண்டையும் எரிக்கும் குளோரமின் வாயு வரும். வினிகர் வைட்டிரிஃபைட் டைலுக்குச் சரி. மார்பிள், மொசைக், கடப்பா கல்லில் பட்டால் பளபளப்பு போய்த் திட்டு விழும், அவை எல்லாம் அமிலத்துக்குக் கரைகிற கல்.

மூத்திரக் கறையைச் சிதைக்கும் நொதி கலந்த என்சைம் கிளீனர் தான் வேலை செய்யும். ஆனால் அதைத் தெளித்து உடனே துடைத்துவிட்டு "பிரயோஜனமில்லை" என்கிறார்கள். மெத்தையில் முதலில் பழைய துண்டை வைத்து ஏறி நின்று ஒற்றுங்கள், தேய்க்காதீர்கள். குளிர்ந்த தண்ணீர் கொஞ்சம் ஊற்றி மறுபடி ஒற்றுங்கள். பிறகு என்சைம் திரவத்தை, மூத்திரம் எவ்வளவு ஆழம் இறங்கியதோ அவ்வளவு இறங்குகிற மாதிரி, கறைக்கு வெளியே ஒரு சாண் அகலம் சேர்த்து ஊற்றுங்கள். மேலே பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடி ஓர் இரவு ஈரமாகவே விட்டு, அப்புறம் மொட்டை மாடி வெயில். வேறு கிளீனர் முன்பே போட்டிருந்தால் தண்ணீரால் நன்றாக எடுத்துவிட்டுச் செய்யுங்கள், இல்லாவிட்டால் என்சைம் செத்துவிடும். இலவம்பஞ்சு மெத்தையில் உள்ளே இறங்கிவிட்டால் போராட வேண்டாம், பிரித்துப் பஞ்சை மாற்றுங்கள். துணிக்கு அரை கப் சமையல் சோடா, குளிர்ந்த தண்ணீர், என்சைம் உள்ள சலவைத்தூள்.

பழைய கறை எங்கே என்று தெரியவில்லையா? இரவில் விளக்கணைத்து 395 நானோமீட்டர் யூ.வி. டார்ச் அடித்தால் மஞ்சள் பச்சையாக ஒளிரும். சலவைத்தூள் கறையும் வெள்ளை வேட்டியும் நீலமாக ஒளிரும், குழம்ப வேண்டாம்.

மெத்தையே குறி என்றால் இரண்டு வாரம் படுக்கையறை மூடியே இருக்கட்டும், மெத்தைக்குக் குழந்தைகளுக்குப் போடும் ரப்பர் ஷீட். முற்றிப்போன பழக்கத்துக்குப் பூனையை ஒரு சின்ன அறையில் வையுங்கள். கால்மிதி, துணிக்கூடை எதுவும் இருக்கக் கூடாது. ஒரு மூலையில் டிரே, எதிர் மூலையில் சாப்பாடு, தண்ணீர், படுக்கை. தினம் நாலைந்து முறை உள்ளே போய் விளையாடுங்கள், அது சிறையாகிவிடக் கூடாது. பத்து நாள் தப்பாமல் டிரேயில் போனால் அடுத்த அறையைத் திறந்துவிடுங்கள், மூன்று நான்கு நாள் பார்த்து அதற்கடுத்தது.

பூந்தொட்டி சுலபம். மண்ணின் மேல் கோழிமுட்டை அளவு கூழாங்கல் அடுக்கிவிட்டால் தோண்ட முடியாது.

பாத்ரூமில் தண்ணீர் போகும் ஜாலி மேல் போகிற பூனையும் நம் வீடுகளில் உண்டு. சிலர் சந்தோஷமாக விட்டுவிடுகிறார்கள். கதவு சாத்தியிருக்கும் நாளில் அதே வழவழப்பான தரை தேடி அடுக்களை சிங்குக்குப் போகும்போதுதான் தெரியும். அதற்கு வழவழப்பு பிடித்துவிட்டது. ஆகவே டிரேயை மண்ணே இல்லாமல், ஜாலியின் மேலேயே வையுங்கள். வெறும் பிளாஸ்டிக்கில் போகும். ஒவ்வொரு முறையும் கழுவ வேண்டியிருக்கும், ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள். தவறாமல் போகத் தொடங்கியதும் ஒரு ஓரத்தில் ஒரு பிடி மண், இரண்டு நாளுக்கு ஒருமுறை இன்னொரு பிடி. அடி முழுக்க மண் மூடிய பிறகு டிரேயை நாளுக்கு ஒரு சாண் வாசல் பக்கம் நகர்த்துங்கள். ஒரு நாள் ஜாலிக்கே திரும்பிவிட்டால் அதற்கு முந்தைய நாள் இருந்த இடத்துக்கு டிரேயைக் கொண்டுபோய், அங்கேயே மூன்று நாள் நிறுத்தி, பிறகு அரைச் சாணாக நகர்த்துங்கள்.